சுண்ணாம்புக்கு ஒரு நாற்காலி

சாவியைத் திருப்பும்போதே மூக்கு சொல்லிவிட்டது, வீட்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்று.

பெயின்ட் வாடை.

ஏப்ரல் மாதத்தில் ஸ்பெயினின் எங்கள் கோர்தோபா ஊர்த் தெருவில் வீசவேண்டிய வாசனைகள் வேறு. ஆரஞ்சுப் பூ. ஈஸ்டருக்காகப் பாலில் ஊறவைத்துப் பொரிக்கிற ரொட்டி. சுண்ணாம்பு. பெயின்டுக்கு இங்கே என்ன வேலை?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தேன். வலது கையில் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. மார்ச் மாதம் பூந்தொட்டி மாட்டும்போது ஏணியிலிருந்து தொட்டியோடு விழுந்ததில் வந்தது. தொட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கட்டைப் பிரிக்க மே மாதம் பாதி ஆகும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வீட்டில் முற்றம் இல்லை போலிருக்கிறது.

நடைவழியைத் தாண்டி முற்றத்துக்குள் காலை வைத்தேன்.

என் தம்பி சொய்லோ நடுவில் நின்றிருந்தான். கையில் ரோலர். காதுமடலில் வெள்ளைத் தீற்றல். மாத்ரிதிலிருந்து ஈஸ்டர் லீவுக்கு, எனக்கு ஒத்தாசை செய்வதற்கென்றே வந்தவன். சமையலறை அலமாரி விற்கிற கம்பெனியில் வேலை. அவனுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுதான் உண்டு. தனக்குத் தெரியாதவையும் இருக்கின்றன என்பது.

"எப்படிக்கா? வாயடைச்சுப் போச்சா?"

போனது உண்மை. நான்கு சுவர்களும் பளபளத்தன. பல் டாக்டர் கிளினிக்கில் வெயில் அடித்தது மாதிரி.

"என்னடா பூசினே?"

"பிளாஸ்டிக் பெயின்ட். முதல் தரம். தண்ணி ஊத்திக் கழுவலாம். பத்து வருஷம் கேரண்டி. நீ இனிமே வருஷா வருஷம் ஏணி ஏறி உயிரை விட வேண்டாம்."

என் பார்வை மாடிப்படிக்கு அடியில் போனது. அங்கே ஒரு நீல டிரம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதைவிட மோசம், கவிழ்ந்து கிடந்தது. அலம்பிக் காயவைத்திருந்தான்.

"சொய்லோ. அதுல இருந்தது எங்க?"

"அந்தச் சேறா? போன வருஷம் கூரை மாத்துனானுங்களே, அவனுங்க விட்டுட்டுப் போன கலவைதானே? குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொட்டிட்டேன். என் கார் சீட்டெல்லாம் வெள்ளை. பரவாயில்லை விடு, நன்றியெல்லாம் வேண்டாம்."

சேறு என்றான். அக்டோபரில் சுண்ணாம்புக் கல் வாங்கி, தண்ணீர் ஊற்றி, கொதித்து அடங்கும்வரை பக்கத்தில் நின்று கிண்டி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி குளிர்காலம் முழுக்க நான் ஊறவைத்த சுண்ணாம்பு. வசந்தத்தில் மூடியைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதைக் கரைத்து அடித்தால்தான் எங்கள் சுவர் சுவராக நிற்கும்.

"பெலாயோ எங்கே?" என்றேன்.

என் கணவர் பெலாயோ அறையிலிருந்து வந்தார், கன்னத்தில் தலையணை மடிப்போடு. மதியத் தூக்கம். வீடு எரிந்தாலும் நான்கு மணிவரை எழுந்திருக்கமாட்டார்.

சுவரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு செலி?"

ஒரு கை மட்டும் இருந்தால் ஒரு ஆளைத்தான் அடிக்க முடியும். யாரை என்று முடிவு செய்ய முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

மே மாதம் பிறந்ததும் இந்த ஊரில் வீட்டுக் கதவுகள் திறக்கும். இரண்டு வாரம் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து முற்றத்தைப் பார்க்கலாம். நடுவர்கள் வருவார்கள், பரிசு உண்டு. பரிசை விடுங்கள், எனக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை. எனக்கு வேண்டியது கதவு திறப்பது. போன வருடம் கூரை வேலை நடந்ததால் திறக்கவில்லை. இந்த வருடமும் மூடிக்கிடந்தால் பார்வையாளர்கள் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற வரைபடத்திலிருந்து எங்கள் வீடு போய்விடும். அந்த இடத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போனால் திரும்பி வராது.

"பெயின்டை எடுத்துடுங்க. இப்பவே," என்றேன்.

"அக்கா, கொஞ்சம் காலத்துக்கேத்த மாதிரி யோசி. சுண்ணாம்பெல்லாம் ரோமானியன் அடிச்சது."

"ரோமானியன் அடிச்ச சுவர் இன்னும் நிக்குதுடா. நீ வித்த அலமாரி எத்தனை நிக்குது?"

பெலாயோ சிரித்தார். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இது பழைய மண் சுவரு. கீழிருந்து ஈரம் ஏறும், மேல பூந்தொட்டியிலேர்ந்து ஈரம் இறங்கும். சுண்ணாம்புன்னா அதை வெளியே விடும். உன் பிளாஸ்டிக் விடாது."

"அதெல்லாம் அந்தக் காலத்து பிளாஸ்டிக். மச்சான், நீங்க சொல்லுங்க."

"ரெண்டு பேர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு மச்சான்," என்றார் என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவரும் ஒரே தீர்ப்பு அதுதான்.

புனித வியாழனன்று மழை பிடித்துக்கொண்டது.

ஊரே மேலே பார்த்துத் திட்டியது. எங்கள் பேட்டையின் ஊர்வலம் கோயில் வாசலோடு நின்றுவிட்டது. தாய்மேரியின் பல்லக்கைத் தூக்க வருடமெல்லாம் பயிற்சி எடுத்த தடியன்கள் படியில் உட்கார்ந்து குழந்தைகள்போல் அழுதார்கள். சொய்லோ நனைந்த கோழியாக வீடு திரும்பினான்.

"ஒரு வகைல நல்லதுக்கா. பெயின்டுக்கு ஒரு டெஸ்ட்."

வெள்ளிக்கிழமை முழுக்கப் பெய்தது. சனிக்கிழமை காலை வெயில் வந்தது. கூடவே டெஸ்ட் ரிசல்டும்.

கிணற்றுப் பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு கொப்புளம். முட்டை அளவு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, ஆரஞ்சு அளவு. படிக்கட்டுப் பக்கம் ஒரு பெரிய தொப்பையே தள்ளி நின்றது. இடதுகை ஆட்காட்டி விரலால் லேசாக அழுத்தினேன்.

பிளந்தது. உள்ளேயிருந்து கலங்கல் தண்ணீர் என் செருப்பு வரைக்கும் பீய்ச்சியது.

சொய்லோ குனிந்து பார்த்தான். மோவாயைத் தடவினான்.

"பெயின்ட்ல கோளாறு இல்லக்கா. சுவர்ல கோளாறு."

அன்றும் ஈஸ்டர் ஞாயிறும் இரண்டு ஆண்களும் சுரண்டினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பார்ப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. பெயின்ட் தனியாக வரவில்லை. பழைய சுண்ணாம்பையும் ஏடு ஏடாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் சாய்த்துப் பிடி என்றால் பெலாயோ நேராகப் பிடித்தார். மெதுவாக என்றால் சொய்லோ சுத்தியல் எடுத்தான். சாயங்காலத்தில் என் முற்றம் சொறி பிடித்த நாய் மாதிரி நின்றது. பாதி வெள்ளை, பாதி மண்.

திங்கட்கிழமை சொய்லோவுக்கு லீவு முடிந்தது. காரில் ஏறி ஜன்னலை இறக்கினான்.

"அக்கா, ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின் இருக்கு. போய்ச் சேர்ந்ததும் லிங்க் அனுப்பறேன்."

"அனுப்பு. அதை உன் வாயில வை."

அவன் கையாட்டிவிட்டுப் போனான். உண்மையிலேயே உதவி செய்துவிட்டுப் போகிற நிம்மதி அவன் முகத்தில்.

இனி சுண்ணாம்பு. கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது, கரைத்து அன்றைக்கே அடிக்கலாம். ஆனால் தொட்டால் கையோடு வரும். கூட்டத்தில் சுவரில் உரசுகிற ஒவ்வொருவர் முதுகும் வெள்ளையாகி, ஊர் முழுக்க என் வீட்டு விளம்பரமாக நடப்பார்கள். புதிதாகக் கல் வாங்கி நீற்றினால் ஊறுவதற்கு நாள் இல்லை. எனக்கு வேண்டியது யாரோ அக்டோபரில் ஊறவைத்து இன்னும் தொடாத டிரம்.

எங்கள் தெருவில் அப்படி ஊறவைக்கிற ஆள் என்னைத் தவிர இன்னொருத்திதான். எதிர்வீட்டுக் கசில்தா.

"அவகிட்டயா?" என்றார் பெலாயோ. அவர் குரலே இறங்கிவிட்டது.

கசில்தாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் என் முற்றத்துக்கு வந்த நடுவர்களிடம், "கார்னேஷன் நல்லாத்தான் இருக்கு. நர்சரியில நல்ல சரக்கா பார்த்து வாங்கியிருக்கா," என்று சொன்னாள். இந்த ஊரில் ஒருத்தியின் கணவனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பூவை விலைக்கு வாங்கினாள் என்று சொல்லக் கூடாது. அதிலிருந்து அவள் காய்கறிக் கடையில் இருந்தால் நான் மீன் கடைக்குப் போவேன்.

அன்று பகல், தெரு தூங்கும் நேரத்தில் போய் அவள் கதவைத் தட்டினேன். யாரும் பார்த்துவிடக் கூடாது.

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கண் தெரிந்தது.

"மருந்துக்கடை கோடியில இருக்கு," என்றது அந்தக் கண், என் கட்டைப் பார்த்து.

"கசில்தாக்கா, ஒரு நிமிஷம் உள்ள வரலாமா?"

"இங்கயே சொல்லு."

"சுண்ணாம்பு வேணும்."

உள்ளே ஒரு மூச்சு கேட்டது, சிரிப்பாகவும் இருக்கலாம்.

"உன் தம்பி பக்கெட் தூக்கிட்டுப் போறப்பவே நினைச்சேன். ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டுச் சொல்லலாமான்னுகூட பார்த்தேன். அப்புறம், நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

பல்லைக் கடித்தேன். "இருக்கா, இல்லையா?"

"இருக்கு. தரமாட்டேன். போய் பிளாஸ்டிக் பெயின்ட்டே அடிச்சுக்கோ."

கதவு மூடப்போனது. நான் கட்டுப் போட்ட கையை இடுக்கில் நுழைத்தேன். மாவுக்கட்டுக்கு முதன்முதலாக ஒரு பிரயோஜனம். அவள் தள்ள, நான் தள்ள, அவள் வயது தோற்றது. கதவு விரிந்து நான் அவள் முற்றத்துக்குள் தடுமாறி விழாத குறையாக நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன்.

சுவர் நிறைய நீலத் தொட்டிகள். கீழ் வரிசையிலிருந்து மேல்மாடம் வரைக்கும் வளையங்களில் அதே ஒழுங்கில். ஒன்றிலும் பச்சை இல்லை. காய்ந்து கறுத்த குச்சிகள் மட்டும். ஜெரேனியம், கார்னேஷன் எல்லாமே குச்சி. கிணற்றைச் சுற்றிக் கூழாங்கல் தரையில் இலைச் சருகு.

கசில்தா கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள்.

"பார்த்துட்டியா? போதுமா?"

"என்ன ஆச்சு?"

"ஜனவரியில பையன் வீட்டுக்குப் போனேன், பில்பாவோவுக்கு. பேரனுக்கு ஆப்பரேஷன். வரதுக்குள்ள ரெண்டு ராத்திரி உறைபனி. தொட்டியை இறக்கிச் சாக்கு போட்டு மூட ஆள் இல்லை."

"தெருவுல யார்கிட்டயாவது சாவி கொடுத்திருக்கலாமே."

"யார்கிட்ட? உன்கிட்டயா?"

கொடுத்திருந்தால் மூடியிருப்பேனா என்று தெரியவில்லை. மூடியிருப்பேன். முனகிக்கொண்டு மூடியிருப்பேன்.

"யாருக்கும் தெரியாது. நீ வாயைத் திறந்தே..." என்றாள்.

"சொல்லமாட்டேன்."

அவள் படிக்கட்டுக்கு அடியில் போய் ஒரு மரமூடியைத் தூக்கினாள். தண்ணீர் அடியில் கட்டி வெண்ணெயாகச் சுண்ணாம்பு. குச்சியால் ஒரு கிளறு கிளறிக் காட்டினாள், நகைக்கடைக்காரன் பெட்டியைத் திறந்து காட்டுகிற மாதிரி. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. பொய் சொல்லவில்லை.

"இது எனக்கு இந்த வருஷம் எதுக்கு? குச்சிக்கு வெள்ளையடிக்கவா?" மூடியை மறுபடி வைத்தாள். "எடுத்துக்கோ. ஆனா உன் வீட்டு ஆம்பளைங்க கையில கொடுக்கமாட்டேன். நான்தான் வந்து அடிப்பேன்."

"சரி."

"இன்னொண்ணு. கதவு திறந்திருக்கிற நாளெல்லாம் உன் முற்றத்துல எனக்கு ஒரு நாற்காலி. மூலையில ஸ்டூல் இல்ல. நல்ல நாற்காலி, வாசலைப் பார்த்து."

"எதுக்கு?"

"மே மாசத்துல வீட்டுக்குள்ள படுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக் கூட்டத்தோட சத்தத்தைக் கேக்கச் சொல்றியா?"

அவள் முகத்தைப் பார்க்காமல் தொட்டிகளைப் பார்த்தேன். அங்கேயும் பார்க்க முடியவில்லை.

"உட்காரலாம். பேசக் கூடாது," என்றேன்.

"பேசாம இருக்க நான் என்ன தொட்டியா?"

பேரம் முடிந்தது.

மறுநாள் காலை வந்துவிட்டாள். தலையில் துணி, கையில் மூன்று பிரஷ். பெலாயோ இரண்டு வாளி சுண்ணாம்பைத் தெருவைக் கடந்து தூக்கி வந்தார். முதல் பூச்சு அன்று, காய விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. வேலையில் குறை சொல்ல முடியாது. அவள் வாயில்தான் எல்லாம்.

"இந்த மூலையை இத்தனை வருஷமா இப்படித்தான் வெச்சிருந்தியா? சரிதான். ஏன் பரிசு வரலைன்னு இப்பத்தான் புரியுது."

"இந்தச் செடி உனக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"பெலாயோ, வாளியை அப்படிப் பிடிக்காத. இவ செடி வளர்க்கறதுக்கு முன்னாடி உன்னைத்தான் யாராவது வளர்த்திருக்கணும்."

"ரெண்டு பேர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு," என்றார் பெலாயோ. நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

சுவர் வெளுத்தது. ஈரமாக இருந்தபோது சாம்பல். காயக் காய உள்ளிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு வெள்ளை. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம், தொட்டி மாட்டத் தொடங்கியதும் போய்விட்டது.

என்னால் தூக்க முடியாது. பெலாயோதான் ஏணியில். நான் ரோஜா நிற ஜெரேனியத்தைப் படிக்கட்டுக்கு மேலே மாட்டச் சொன்னேன். கசில்தா அதைக் கிணற்றுப் பக்கம் என்றாள்.

"அது என் முற்றம்," என்றேன்.

"சுவர் என் சுண்ணாம்பு."

அவள் சொன்ன இடத்துக்குப் போனது. சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும் என் இடத்துக்கு வந்தது. காலையில் அவள் வந்ததும் மறுபடி கிணற்றுப் பக்கம். மூன்றாவது நாள் பெலாயோ ஏணி உச்சியில் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"செலி, இந்தத் தொட்டி என்னைவிட அதிகமா ஊர் சுத்திடுச்சு. இதை நான் மடியில வெச்சுக்கிட்டு இங்கயே உட்கார்ந்துடறேன். ரெண்டு பேருக்கும் பொது."

கிணற்றுப் பக்கம்தான் நின்றது. சொல்லவே வயிறு எரிகிறது, அங்கேதான் அது நன்றாகவும் இருந்தது. நாணல் கழி நுனியில் தகர டப்பா கட்டி உயரத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் கசில்தாவே எடுத்துக்கொண்டாள். ஒரு சொட்டு சுவரில் வழியவில்லை. நான் ஊற்றினால் வழியும். அதையும் சொன்னாள்.

முதல் நாள் வந்தது.

கதவுக்கு வெளியே பேச்சுக் குரல்கள். வரிசை நிற்கிறது. பெலாயோ சட்டை மாற்றித் தலை சீவி நடைவழியில் நின்றார். நான் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். வெள்ளை, நீலம், சிவப்பு. ஒரு உதிர்ந்த இதழ்கூட இல்லை.

நட்ட நடுவில் கசில்தா.

எங்கள் சாப்பாட்டறையின் கைப்பிடி வைத்த நாற்காலியை அவளே இழுத்து வந்திருந்தாள். கறுப்பு கவுன், முத்துத் தோடு, காதோரம் ஒரு கார்னேஷன். என் கார்னேஷன். கையில் விசிறி.

"அக்கா, வழியில இருக்கீங்க. கொஞ்சம் பின்னாடி."

"வாசலைப் பார்த்துன்னுதான் பேச்சு."

"வர்றவங்க முட்டிக்குவாங்க."

"சுத்திப் போகட்டும். கால் இருக்கில்ல."

கதவை யாரோ விரலால் தட்டினார்கள். நேரமாகிவிட்டது. இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் அவள் பத்து சொல்வாள், கதவு மூடியே கிடக்கும். நான் போய் இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தேன். இரண்டு கதவும் விரிந்தன. தெரு வெயில் நடைவழியில் விழுந்தது. வரைபடத்தை மடித்துக்கொண்டு முதல் ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

வடக்கத்தித் தம்பதி ஒன்று. அந்த அம்மாள் முற்றத்தில் இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மேலே பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள். அந்த முகத்துக்காகத்தான் நான் அக்டோபரிலிருந்து உயிரை விடுகிறேன்.

அவள் நேராக நாற்காலியிடம் போனாள்.

"எவ்வளவு அழகும்மா உங்க முற்றம். எப்படி இவ்வளவும் நீங்க ஒருத்தரா பார்த்துக்கிறீங்க?"

கசில்தா விசிறியை மடித்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். 'இது என் முற்றம்' என்பது என் வாய்க்குள் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த வார்த்தை அவள் தொட்டிகளைக் கருக்கிய உறைபனியில் போய் நிற்கும் என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும்.

நான் சொல்லவில்லை.

"கஷ்டம்தான்," என்றாள் கசில்தா, அந்த அம்மாளின் கையைத் தட்டிக்கொடுத்து. "ஆனா ஒத்தாசைக்கு ஆள் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பொண்ணே, இவங்க வெயில்ல வந்திருக்காங்க பாரு. ஆளுக்கொரு டம்ளர் தண்ணி கொண்டுவா."

வாசலில் இன்னும் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம்.

கொண்டுவந்தேன். இடது கையால், ஒவ்வொன்றாக.